கோழியின் வயிற்றில் இருந்தது

காலையில் கூண்டைத் திறந்தபோது டீச்சர் விறைத்துக் கிடந்தது. டீச்சர் எங்கள் கோழி. கழுத்தை நிமிர்த்தி, ஒரு காலைத் தூக்கி, யோசித்து யோசித்து வைக்கும் என்பதால் தங்கை சூட்டிய பெயர் அது. அவள் இப்போதுதான் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியிருந்தாள். வீட்டில் அவளைப் பொடிசு என்றுதான் கூப்பிடுவோம்.

அம்மாவுக்குக் கோழியைவிட முட்டைதான் கவலை. பொடிசு கொஞ்ச காலமாகவே தேறவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுப்பாள். நேற்று எழுதிய எழுத்து இன்று மறந்துபோய் விழிப்பாள். ரத்தம் குறைவு, சத்தாகக் கொடுங்கள் என்று டாக்டர் சொன்னதிலிருந்து டீச்சர் இடும் முட்டை வேறு யார் வாய்க்கும் போனதில்லை. அப்படியும் பிள்ளை வெளுத்துக்கொண்டேதான் வந்தாள்.

அம்மா நேராக வேலியோரம் போய் நின்றாள். பக்கத்து வீட்டுப் பெரியம்மாவின் கீரைப் பாத்தியை டீச்சர் கிளறியதில் இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றிருந்தது. "இன்னொரு தடவை வந்தா உன் கோழி திரும்பி வராது" என்று பெரியம்மா கத்தியதைத் தெருவே கேட்டிருக்கிறது.

"பச்சப்புள்ள வாயில மண்ணப் போட்டுட்டியே, நல்லா இருப்பியா?"

"காலங்காத்தால என்னடி உளர்ற?"

"விஷம் வச்சிட்டல்ல?"

"என் புருஷனுக்குச் சோறு வைக்கவே எனக்கு நேரமில்ல. இதுல உன் கோழிக்குத் தனியா விஷம் வைக்கப் போறேனா?"

"அறுத்துப் பாத்தா தெரிஞ்சுடும்."

"அறு. நானே வந்து நின்னு பாக்கறேன்."

சொன்னபடியே வந்து இடுப்பில் கைவைத்து நின்றாள். அம்மா பாலிதீன் பையைக் கையில் மாட்டிக்கொண்டு, துணி துவைக்கும் கல்லில் டீச்சரைக் கிடத்தினாள். இறகை ஒதுக்கினால் உள்ளே சதையே இல்லை. நெஞ்செலும்பு கத்தி முனைபோலத் துருத்தியிருந்தது.

"ரொம்ப நாளா சீக்கு போல இருக்கே" என்றாள் பெரியம்மா. "விஷம் வச்சா ஒரு ராத்திரியிலயா இப்படி இளைக்கும்?"

அம்மா வயிற்றைக் கீறினாள். தின்ற தானியம் தீனிப்பையில் அரையாமல் அப்படியே இருந்தது. அதற்கும் கீழே, கோழி தீனி அரைக்கும் கெட்டியான பை. அதைப் பிளந்தபோது மணலோடு சின்னச் சின்ன உருண்டைகள் கொட்டின. பாசிமணி மாதிரி சாம்பல் நிறம். தண்ணீர் ஊற்றியதும் மினுங்கின.

"இதோ!" என்றாள் அம்மா. குரலில் வெற்றி. "ஏங்க, இங்க வந்து பாருங்க!"

அப்பா பின்னறையில் ரேடியோ, மிக்ஸி, மின்விசிறி எல்லாம் பழுது பார்ப்பவர். மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றியபடி வந்தார். ஒரு உருண்டையை எடுத்து நகத்தால் அழுத்தினார். நகத்தடம் பதிந்தது.

"ஈயம்" என்றார்.

"ஈயமா? அது யார் வீட்ல இருக்கு?"

அப்பா உருண்டையைக் கைக்குள் மூடிக்கொண்டார். பெரியம்மா திரும்பிப் பின்னறையைப் பார்த்தாள். அதன் பிறகுதான் அம்மாவும் பார்த்தாள்.

ஒயர்களைப் பற்றவைக்கும் சூட்டுக்கம்பியின் முனையில் உருகிய ஈயம் அதிகமாகிவிட்டால் அப்பா மேசை விளிம்பில் ஒரு தட்டுத் தட்டுவார். தெறித்த சொட்டு தரையில் உருண்டையாக உறையும். வேலை செய்யும் இடம் கோயில் மாதிரி இருக்க வேண்டும் என்பார். அறையைக் கூட்ட எங்களை விடமாட்டார். தினமும் தானே கூட்டி, குப்பைத்தொட்டி தெருக்கோடியில் இருப்பதால், கொய்யா மரத்தடியில் உதறிவிடுவார். கோழிக்குப் பல்லா இருக்கிறது? கல்லைப் பொறுக்கி விழுங்கித்தான் தீனியை அரைக்க வேண்டும். மினுங்குகிற கல் என்றால் விடுமா?

அம்மா கத்தியைக் கீழே வைத்தாள். பெரியம்மா குத்திக்காட்டுவாள் என்று நினைத்தேன். அவள் குரலைத் தாழ்த்திக் கேட்டாள்:

"கோழி கெடக்கட்டும்டி. முட்டைய யாரு தின்னா?"

அன்றே ஆஸ்பத்திரிக்குப் போனோம். ரத்தம் எடுத்தார்கள். முடிவு வந்த அன்று டாக்டர் அப்பாவைப் பார்த்தே பேசினார். பிள்ளையின் ரத்தத்தில் ஈய விஷம் ஏறியிருக்கிறது; வலியும் மறதியும் அதனால்தான். முட்டையிலிருந்தும் வந்திருக்கும், வீட்டுத் தூசியிலிருந்தும் வந்திருக்கும்.

"மருந்து குடுக்கலாம். வயித்து வலி நிக்கும். மறந்ததெல்லாம் திரும்ப வருமான்னு இப்ப சொல்ல முடியாது. மொதல்ல வீட்டச் சுத்தம் பண்ணுங்க."

சுத்தம் என்ற சொல்லைக் கேட்டதும் அப்பா தலை குனிந்துகொண்டார்.

வீடு திரும்பியதும் பின்னறையைப் பூட்டிவிட்டு மரத்தடி மண்ணை வெட்டத் தொடங்கினார். பழைய ஸ்பீக்கர் காந்தத்தை மண்மேல் உருட்டிப் பார்த்தார். ஈயம் காந்தத்தில் ஒட்டாது என்று அவருக்குத் தெரியாதா? பிறகு கையாலேயே பொறுக்கினார். பெரியம்மா வேலிக்கு மேலாக மாவுச் சல்லடையை நீட்டினாள்.

"திருப்பித் தர வேணாம்."

பொடிசை வெளியே விடாதே என்று என்னிடம் சொல்லியிருந்தார்கள். அவளுக்கு மருந்து கலக்கத் தண்ணீர் எடுத்துத் திரும்புவதற்குள் மரத்தடியில் நின்றாள்.

"அப்பா, இங்க பாருங்க, ஒண்ணு!"

விரல் நடுவே உருண்டை மினுங்கியது. அப்பா பாய்ந்து அந்தக் கையில் அடித்தார். அவளை அவர் அடித்து நான் பார்த்ததே இல்லை. பொடிசு அழவில்லை. கையைப் பிடித்துக்கொண்டு அவரையே பார்த்தாள்.

"நான் உங்களுக்குத்தானேப்பா எடுத்துக் குடுத்தேன்?"

அவளைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடினேன். திரும்பிப் பார்த்தபோது அப்பா மண்டியிட்டு, அவள் கையிலிருந்து விழுந்ததைத் தேடிக்கொண்டிருந்தார். அது கிடைக்கவில்லை.