மறைந்த மாமே செவா

சாயங்காலம் ஆறு மணியானால் பிராகோவின் போன் அணைந்துவிடும். குமாசி நகரத்தில் பாதிப் பேருக்கு இது பெரிய வேடிக்கை. சாவு நேரம் பார்த்தா வருகிறது, சாவுப் போஸ்டர் போடுகிறவள் மட்டும் நேரம் பார்க்கிறாளே என்று பந்தாமா கடைத்தெருவில் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். ராப்பகலாக உழைத்து ஒருநாள் லேப்டாப்பின் மேலேயே மயங்கி விழுந்து அவள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, இந்தச் சிரிப்புக்காரர்களில் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை.

எட்டிப் பார்த்தவள் அச்சியா ஒருத்திதான். இருவரும் ஒரே வகுப்பில் டிசைன் படித்தவர்கள். பிராகோ சொந்தமாகத் தொழில் தொடங்கினாள். அச்சியா ஓர் அச்சகத்தில் மாதச் சம்பளத்துக்குப் போனாள். கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து சோளக் கஞ்சியை ஊட்டிக்கொண்டே அச்சியா மிரட்டினாள்.

"இனிமே ஆறு மணிக்கு மேல போனத் தொட்டே, கைய ஒடிச்சிருவேன். சத்தியம் பண்ணுடி."

"அவசரம்னு யாராச்சும் கூப்பிட்டா?"

"நான் எதுக்கு இருக்கேன்? என் நம்பருக்குத் திருப்பி விட்டுரு. ஆறுதலா ரெண்டு வார்த்தை பேசி, காலைல வாங்கன்னு சொல்லிக்கறேன்."

பிராகோ அழுதேவிட்டாள். கூடப்பிறந்தவள்கூட இவ்வளவு செய்யமாட்டாள் என்று நினைத்தாள். போனைத் திருப்பிவிட்டது மட்டுமல்ல, தனக்கு ஏதாவது ஆகிவிட்டால் வேலை நிற்கக்கூடாது என்று தன் டிசைன் ஃபைல்கள் எல்லாவற்றுக்கும் ஒரு பிரதி எடுத்து அவளிடமே கொடுத்தும் வைத்தாள்.

அன்றிலிருந்து எல்லாம் ஒழுங்கு. முன்பணம் வராமல் வேலையைத் தொடமாட்டாள். திருத்தம் இரண்டு முறைதான். ஞாயிற்றுக்கிழமை கோவில், தூக்கம், ஃபூஃபூக் களி. அச்சுக்கு அனுப்பும் முன் குடும்பத் தலைவருக்குப் போன் போட்டு, போஸ்டரில் உள்ள ஒவ்வொரு பெயரையும் வாய்விட்டு வாசிப்பாள். யார் மூத்தவர், யார் விதவை, யார் உயிரோடு இல்லை, எல்லாவற்றுக்கும் அவர் வாயாலேயே சரி என்று வரவேண்டும். அசாந்தே இனத்தார் வீட்டில் யார் நம் ஆள், யார் இல்லை என்பதை ஊருக்குச் சொல்வதே அந்தப் போஸ்டர்தான். ஒரு பெயர் இடம் மாறினால் போதும், பத்து வருஷம் பேச்சுவார்த்தை நின்றுபோகும். அவள் தொழிலில் ஒரு பெயரும் இடம் மாறியதில்லை. அவளிடம் இருந்த சொத்து அந்த நல்ல பெயர் ஒன்றுதான்.

சில மாதமாக வேலை கொஞ்சம் இளைத்திருந்தது. ஊரில் சாவு குறைந்திருக்கிறது போலிருக்கிறது, நல்லதுதானே என்று நினைத்துக்கொண்டாள். அப்படி ஓர் அசடு.

ஒரு காலையில் போவாடு பெரியவர் வந்தார். கறுப்புத் துணியைத் தோளில் போட்டிருந்தார். அண்ணன் ஒட்டூரோ இறந்து ஒருவார நினைவுச் சடங்குகூட இன்னும் முடியவில்லை. உட்காரச் சொன்னாள், உட்காரவில்லை. சுருட்டி வைத்திருந்த போஸ்டரை மேஜையில் விரித்தார்.

"பொண்ணே, என் தங்கச்சிய நீ எப்பக் கொன்னே?"

உடன்பிறந்தவர்கள் என்று போட்டிருந்த வரியில் விரலை வைத்தார். 'மறைந்த மாமே செவா' என்று தங்க நிற எழுத்தில் இருந்தது.

"கெஜேத்தியா மார்க்கெட்ல தக்காளி வித்துட்டு உக்காந்திருக்கா. பக்கத்துக் கடைக்காரி அவளப் பாத்துக் கூடையப் போட்டுட்டு ஓடுறா! நேத்து ஒருத்தன் அவகிட்டயே வந்து துக்கம் விசாரிச்சிருக்கான்!"

சிரிக்கிற விஷயமில்லை. அசாந்தேக்காரர்களுக்குக் குடும்பம் பெண்வழியில்தான் இறங்குகிறது. ஒட்டூரோவின் வீடு, கொக்கோத் தோட்டம் எல்லாம் செவாவின் பிள்ளைகளுக்குத்தான். அவளைச் சாகடித்தால் அந்த வீட்டின் வேரையே வெட்டின மாதிரி. சொத்தின் மேல் கண் வைத்து யாரோ வேண்டுமென்றே செய்தார்கள் என்று இதற்குள் பேச்சு கிளம்பியிருக்கும்.

"ஐயா, இது நான் செஞ்சது இல்ல."

"அப்ப கீழ இருக்கறது யார் பேரு? என் பேரா?"

கீழே பொடி எழுத்தில் 'பிராகோ டிசைன்ஸ்' என்று அவள் பெயரும் நம்பரும் இருந்தன. அப்போதுதான் போஸ்டரை முழுதாகப் பார்த்தாள். அந்த மலர்வளையமும் பூ வேலை செய்த ஓரமும் அவள் போட்டவை. போன வருஷம் மாம்போங் ஊரில் ஒரு வாத்தியார் குடும்பத்துக்குச் செய்தது. அந்த வாத்தியாரின் அக்கா உண்மையிலேயே இறந்துபோனவள். பெயரை மட்டும் மாற்றிய யாரோ, அதன் முன்னால் இருந்த 'மறைந்த' என்பதை எடுக்க மறந்திருக்கிறார்கள்.

"ஐயா, யார்கிட்ட வேலையக் குடுத்தீங்க?"

"என் மருமகன் சாயங்காலம் உன் நம்பருக்குத்தான் கூப்பிட்டான். ஒரு பொண்ணு எடுத்து, இப்பவே முடிச்சுத் தர்றேன்னுச்சாம்."

பிராகோவுக்கு ஊரில் சாவு குறையவில்லை என்பது அந்த நிமிஷம் புரிந்தது.

"சனிக்கிழமை வீட்டுக்கு வா. செஞ்சது வேற யாராவதுன்னா அவளையும் கூட்டிட்டு வா. மன்னிப்புக் கேக்கச் சீமைச் சாராயத்தோட வரணும், என் தங்கச்சி கால்ல விழணும். இல்லேன்னா இந்த ஊர்ல ஒரு வீட்லயும் உன்னை அண்ட விடமாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அச்சியா வீட்டில் கத்திரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். போஸ்டரைப் பார்த்ததும் கத்தி நின்றது.

"எத்தனை பேருடி?" என்றாள் பிராகோ.

"என்னது எத்தனை பேரு?"

"என் போனுக்குக் கூப்பிட்டு உன்கிட்ட வந்தவங்க."

"நீ பாட்டுக்குக் கதவச் சாத்திட்டுப் படுத்துக்கற. ராத்திரில அழுதுகிட்டுக் கூப்பிடறவங்களுக்கு யார் பதில் சொல்றது?"

"காலைல வரச் சொல்றேன்னு சொன்னது நீதானே?"

"சொன்னேன். கொஞ்ச நாள் அப்படித்தான் சொன்னேன். அப்புறம் எனக்கும் மூணு புள்ளைங்க இருக்குன்னு ஞாபகம் வந்துச்சு. உனக்கு ஒழுங்குன்னு ஒண்ணு இருக்கு. எனக்கு அச்சகத்துல வர்ற சம்பளம் ரொட்டிக்கே பத்தல." அச்சியாவின் கண் கலங்கியது. "தப்புதான்டி. சனிக்கிழமை நானே வந்து உண்மையச் சொல்றேன். என் புள்ளைங்க மேல சத்தியமா."

பிராகோவும் கேட்டது அவ்வளவுதான். வந்த வேலையை எடுத்துக்கொள், பணத்தை வைத்துக்கொள், என் பெயரை மட்டும் திருப்பிக் கொடு. அழுகிற முகத்தைப் பார்த்து நம்பினாள். இதுதான் இந்தக் கதையில் எனக்குப் பொறுக்காத இடம். திருடியவளே வந்து சாட்சி சொல்வாள் என்று நம்புகிற மனசை என்னவென்று சொல்ல!

சனிக்கிழமை போவாடு வீட்டு முற்றத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள் வரிசையாகக் கிடந்தன. நடுவில் செவா, துக்கத்துக்கான சிவப்பும் கறுப்பும் உடுத்தி, ஜம்மென்று உயிரோடு உட்கார்ந்திருந்தாள். பிராகோ சாராயப் போத்தலை வைத்துவிட்டு நிமிர்வதற்குள் அச்சியா மண்டியிட்டுவிட்டாள். பிராகோவுக்கு மூச்சு வந்தது.

"பெரியவங்களே, இவள ஒண்ணும் சொல்லாதீங்க," என்று தொடங்கினாள் அச்சியா. "இவளுக்கு உடம்பு சரியில்ல. ஆஸ்பத்திரில கெடந்து பொழச்சவ. அதுலேர்ந்து ஆறு மணிக்கு மேல இவளால ஒண்ணும் முடியறதில்ல. வெளிய தெரிஞ்சா பொழப்பு போயிடுமேன்னு நான்தான் மறைச்சு வச்சு, இவ வேலையெல்லாம் பாத்துட்டு வர்றேன். இவ அரையும் குறையுமா செஞ்சு வச்சத சரி பாக்காம அனுப்பிட்டேன். அது என் தப்பு."

"பொய்! நான் இந்தப் போஸ்டரத் தொடவே இல்ல!" என்று கத்தினாள் பிராகோ. உடம்பெல்லாம் ஆடியது.

"பாத்தீங்களா," என்றாள் அச்சியா, மெதுவாக, வருத்தமாக. "படபடப்பு வந்தா இப்படித்தான் கை நடுங்கும்."

போவாடு பிராகோவைப் பார்த்தார். "ஆறு மணிக்கு மேல நீ போன் எடுக்கமாட்டியாமே?"

"ஆமா, ஆனா..."

"ஆஸ்பத்திரில இருந்தியா?"

"இருந்தேன் ஐயா, அது வந்து..."

"உனக்கு முடியாதப்ப இந்தப் பொண்ணு பாத்துக்கட்டும்னு போனத் திருப்பி விட்டது நீதானே?"

இல்லை என்று எதைச் சொல்வாள்? கேட்டதெல்லாம் உண்மை. ஒவ்வொன்றாக எடுத்தால் ஒன்றிலும் பொய் இல்லை. அவள் உயிரைக் காப்பாற்றிய ஒழுங்கு முழுவதும் அந்த முற்றத்தில் நோயாக மாறி நின்றது. சுற்றியிருந்தவர்கள் நாக்கைத் தட்டி 'த்ஸோ' கொட்டினார்கள்.

செவா எழுந்து வந்தாள். திட்டினால் பரவாயில்லை என்றிருந்தது பிராகோவுக்கு. திட்டவில்லை. அவள் கன்னத்தைத் தடவினாள்.

"போகுது விடு தாயி. நான்தான் கல்லு மாதிரி இருக்கேனே, எனக்கென்ன. நீ உடம்பப் பாத்துக்க. எதுக்கு இப்படி இழுத்துப் போட்டுக்கறே? நல்ல தோழி கெடச்சிருக்கா, அவகிட்ட விட்டுட்டு ஓய்வெடு."

பிறகு அச்சியாவிடம் திரும்பினாள். "அடக்கத்துக்கு இன்னும் நாளிருக்கு, அதுக்கு அண்ணன் வாழ்க்கைய எழுதிப் புத்தகம் போடணும், பெரிய போஸ்டர், வீட்டு ஆளுங்களுக்கு அண்ணன் படம் போட்ட சட்டைன்னு ஏகப்பட்டது இருக்கு. நீயே செஞ்சிரு. இந்தத் தடவையாவது என்னை உயிரோட விடுடியம்மா!"

எல்லோரும் சிரித்தார்கள். போவாடு போத்தலைத் திறந்து முன்னோர்களுக்காக நிலத்தில் ஊற்றினார். விவகாரம் முடிந்தது.

கிளம்பும்போது அச்சியா வந்து பிராகோவின் முழங்கையைத் தாங்கிக்கொண்டாள். பிராகோவுக்குக் காலில் ஒரு குறையும் இல்லை. உதறித் தள்ளிவிட்டு நடக்க ஒரு நொடி போதும். ஆனால் முற்றம் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. உதறினால் பாவம், படபடப்பு என்பார்கள். கத்தினால், அதற்கும் அதையே சொல்வார்கள்.

"படி இருக்குடி, பாத்து" என்றாள் அச்சியா, எல்லோர் காதிலும் விழும்படி.

பிராகோ குனிந்து படியைப் பார்த்து, நோயாளியைப் போல ஒவ்வொன்றாக இறங்கினாள்.