காது வைத்துக் கட்டிய வீடு

பத்தொன்பதாம் நூற்றாண்டு வீடு என்றால் போதும், சொந்தக்காரர்களுக்குத் தலைகால் புரியாது. அந்த வீட்டுக்காரரும் வாசலிலேயே பெருமையை ஆரம்பித்துவிட்டார். வீட்டைப் பழமைச் சின்னமாகப் பாதுகாக்கலாமா என்று அளந்து பார்க்க வந்திருந்த ஆய்வாளர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள்.

சுவர்களுக்குள் மெல்லிய துளைகள் ஓடின. ஒவ்வொரு அறையிலிருந்தும் கீழே படிப்பறை வரை. காற்றோட்டத்துக்காக என்று அதுவரை வந்த மேதாவிகள் எழுதி வைத்திருந்தார்கள். அவள் டார்ச் அடித்துப் பார்த்தாள். இரண்டு விரல் நுழையும் அகலம், உள்ளே வழவழவென்று சுண்ணாம்புப் பூச்சு. இதில் என்ன காற்று வரும், மண்ணாங்கட்டி.

மாடியில் வீட்டுக்காரரின் மனைவி அவளைக் குளியலறைக்குள் இழுத்தாள். குழாயை முழுசாகத் திறந்துவிட்டுத்தான் வாயைத் திறந்தாள்.

"அக்கா, இந்த வீட்ல எங்க பேசினாலும் கீழ அவருக்குக் கேக்கும். இன்னைக்கு நான் போயே ஆகணும். முன்னாடி கிளம்பினப்பல்லாம் வாசல் தாண்டறதுக்குள்ள பிடிச்சுட்டாரு. கீழ படிப்பறைல ஒரு நாற்காலி இருக்கும், அதுல அவர உக்கார விடாதீங்க, அது போதும்."

அந்தப் பெண்ணின் மணிக்கட்டு கன்றிப் போயிருந்தது. ஆய்வாளர் தலையாட்டினாள்.

படிப்பறையில் ஒரு மர நாற்காலியைத் தரையோடு பிணைத்திருந்தார்கள். உட்கார்ந்தால் காது படும் உயரத்தில், சுவரில் பித்தளைப் புனல்.

"இதக் கட்டினவரு நாள் பூரா இங்கதான் இருப்பாராம் மேடம். அவரு சம்சாரம் மாடியில. அந்தம்மா சாகறவரைக்கும் கீழ இறங்கினதே இல்லையாம்," என்றார் வீட்டுக்காரர், ஏதோ நல்ல சேதி சொல்வதுபோல.

அவர் உட்காரப் போனார். ஆய்வாளர் முந்திக்கொண்டு உட்கார்ந்தாள்.

"நான் கேட்டுப் பாக்கணும் சார். இப்படி ஒரு அமைப்பை வேற எங்கயும் பாத்ததில்ல."

அது உண்மைதான். உண்மையாக இருந்ததே அவளுக்கு எரிச்சலாக இருந்தது. அவரோ உச்சி குளிர்ந்து போனார்.

புனலில் எல்லாம் பக்கத்தில் கேட்டது. பையின் ஜிப். வெறுங்கால்கள் பின்படியில் இறங்கின.

"என்ன பண்றா?"

"ஜன்னல் துடைக்கறாங்க."

"இந்நேரத்துலயா? நகருங்க, நான் கேக்கறேன்."

"அளவு எடுத்துட்டிருக்கேன் சார். நடுவுல எழுந்தா மறுபடி முதல்லேர்ந்து வரணும். வீட்டைப் பத்தி நல்லபடியா எழுத வேண்டாமா?"

பொய் சரளமாக வந்தது. அவர் அரைமனதாகக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அவர் முதுகுக்குப் பின்னால் இருந்த ஜன்னலில், பையோடு அந்தப் பெண் வெளிவாசலைத் தாண்டினாள், தெருமுனை திரும்பினாள், மறைந்தாள். ஆய்வாளருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வீட்டில் இனி அவர்கள் இருவர்தான்.

எழுந்திருக்க நாற்காலிக் கையைப் பிடித்தாள். அப்போது மாடியில் யாரோ நடந்தார்கள்.

மெதுவாக, தள்ளாடுகிற நடை. துளைக்குப் பக்கத்தில் வந்து நின்றது. மூச்சு விடுவது கேட்டது. பிறகு, பேசிப் பழக்கமே விட்டுப்போன ஒரு பெண் குரல்:

"அவ போயிட்டாளா?"

ஆய்வாளர் எழுந்திருக்காமல் காதைப் புனலோடு ஒட்டினாள்.

"நானும் போகட்டுமா?"

வீட்டுக்காரர் குனிந்தார். "முடிஞ்சுதா மேடம்?"

ஆய்வாளர் நாற்காலியை இறுகப் பிடித்துக்கொண்டு நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"இல்ல சார்," என்றாள், புனல் வழியே மாடிக்கும் கேட்கும்படி. "நான் இப்ப எழுந்திருக்கப் போறதில்ல."