மலாயாவிலிருந்து வருகிறவருக்கு ஒரு பற்றரி

1

பழைய மோட்டர்க் காருக்குப் பற்றரியை எப்படித் தெரிவு செய்வது, எப்படிப் பேணுவது என்று ஒரு கட்டுரை கேட்டார்கள். எனக்குக் கார் ஓட்டவே தெரியாது. அதனால் யாழ்ப்பாணத்தில் நெடுங்காலம் வாடகைக் கார் ஓட்டிய கந்தப்புவிடம் போனேன். அவர் பற்றரியைப் பற்றித்தான் சொல்லத் தொடங்கினார். சொல்லச் சொல்ல அதற்குள் ஒரு பெண் வந்துவிட்டாள். கட்டுரை நின்றுபோயிற்று. இது அதன் இடத்தில் வந்து குந்தியிருப்பது.

தொடக்கம் சரியாக அமையவில்லை.

"1941ஆம் ஆண்டு, அளவெட்டியில், மகாதேவி விளக்கை ஏற்றிவிட்டு—"

(வேண்டாம். அவள் விளக்கேற்றியதாகக் கந்தப்பு சொல்லவே இல்லை.)

"ஈயத் தகடுகளும் அமிலமும் சேர்ந்த ஒரு பெட்டியே—"

(இதுவும் வேண்டாம். கட்டுரை திரும்பி வரப் பார்க்கிறது.)

நடந்ததை நடந்தபடியே சொல்லிவிடுகிறேன்.

2

மகாதேவியின் கணவர் ஆழ்வாப்பிள்ளைக்குக் கோலாலம்பூரில் றெயில்வே கிளார்க் வேலை. 1941இல் லீவில் அளவெட்டிக்கு வந்தவர் பழைய ஒஸ்ரின் கார் ஒன்றை வாங்கினார். திரும்பிப் போகிற நாள் காலையில் கார்க் கொட்டகைக்கு மனைவியைக் கூட்டிக்கொண்டு போனார்.

"பற்றரியைச் சாக விட்டிடாதை. கிழமைக்கு ஒருக்கா ஸ்ராட் பண்ணிக் கொஞ்ச நேரம் ஓட விடு. அடுத்த லீவுக்கு வரேக்கை நீ இந்தக் காரிலைதான் ஸ்ரேசனுக்கு வரவேணும்."

"எனக்குக் கார் ஓடத் தெரியாதே."

"ஓடுறதுக்குக் கந்தப்பு அண்ணை வருவார். நீ ஸ்ராட் பண்ணினால் காணும்."

அந்த வருட முடிவில் யப்பான்காரர் மலாயாவில் இறங்கினார்கள். அடுத்த மாசியில் சிங்கப்பூரும் விழுந்தது. அதற்குப் பிறகு அவரிடமிருந்து ஒரு வரிகூட வரவில்லை.

3

பற்றரியைப் பேணும் முறையை இந்த இடத்தில் சொல்லிவிடலாம். மகாதேவி அதைத்தான் செய்துகொண்டிருந்தாள்.

மூடிகளைக் கழற்றி, தகடுகள் நீருக்குள் மூழ்கியிருக்கின்றனவா என்று பார்ப்பாள். குறைந்திருந்தால் நீர் விடுவாள். கிணற்று நீர் கூடாது. எங்கள் கிணறுகளில் சுண்ணாம்பு அதிகம், அது தகட்டைத் தின்றுவிடும். மருந்துக் கடையில் வாங்கிய வடித்த நீர் யுத்தத்தோடு இல்லாமற்போனது. மாரியில் முற்றத்தின் நடுவே பீங்கான் கோப்பைகளை வைத்து, கூரையில் படாத மழைநீரைப் பிடித்துப் போத்தலில் அடைத்து வைத்தாள்.* முனைகளில் பச்சையாகப் பூக்கும் உப்பை அப்பச்சோடா கரைத்த நீரால் கழுவி, துடைத்து, வசிலின் பூசுவாள்.

பிறகு சாரதி ஆசனத்தில் ஏறி இருந்து ஸ்ராட் பண்ணுவாள். மெல்ல ஓடவிட்டால் பற்றரி ஏறாது. இரைய விடவேண்டும். பங்கீட்டுக் கூப்பனுக்குக் கிடைத்த பெற்றோல் முழுவதும் அந்த இரைச்சலுக்கே போயிற்று. முதல் சில தடவை, "அவர் வந்திட்டாரோ?" என்று அயலவர்கள் வேலியால் எட்டிப் பார்த்தார்கள். பிறகு யாரும் பார்க்கவில்லை.

* மழைநீர் சேர்த்ததை ஒரு அழகான பந்தியாக எழுதியிருந்தேன். வெட்டிவிட்டேன். அவளுக்கு அது அழகாக இருந்திருக்காது.

4

1944 மாரியில் பற்றரி செத்தது. எத்தனை தரம் அமுக்கியும் ஒரு முனகல்தான். முன்னால் கைபிடி போட்டுச் சுற்றியும் தீப்பொறி வரவில்லை. கந்தப்புவுக்கு ஆள் அனுப்பினாள்.

"தங்கச்சி, உந்தக் காரை வித்திடுங்கோ. கொட்டிலுக்கை நிண்டு கறள்பிடிச்சுப் போகும்."

"வித்துப்போட்டு? அவர் வந்திறங்கினால் என்னத்திலை போறது?"

"என்ரை காரிலை போகலாம்."

"இதிலை வரச் சொன்னவர், அண்ணை."

(பற்றரி வாங்க அவளே பட்டணம் வந்தாள் என்றார் கந்தப்பு. இங்கே எனக்கு அவளில் சந்தேகம் வந்தது. அந்தக் காலத்தில் அளவெட்டிப் பெண் ஒருத்தி பற்றரி வாங்கப் பட்டணத்தில் கார் திருத்தும் கராச்சுக்குப் போவாளா? கந்தப்புவை இரண்டு முறை கேட்டேன். "வந்தவ. மாட்டு வண்டிலிலை, செத்த பற்றரிக்குப் பக்கத்திலை இருந்து வந்தவ" என்றார்.)

யுத்தத்தில் புதுப் பற்றரி கிடையாது. கராச்சில் பழையவை இரண்டு இருந்தன. ஒன்று கறுப்புப் பெயின்ற் அடித்து மினுங்கியது. மற்றது ஊத்தை பிடித்து, மூலை உடைந்து கிடந்தது. கந்தப்பு மூடிகளைத் திறந்து காட்டினார். மினுங்கியதற்குள் தகடெல்லாம் வெள்ளை பூத்திருந்தது; அப்படிப் பூத்தால் எவ்வளவு ஏற்றினாலும் நில்லாது. ஊத்தைப் பற்றரியின் தகடுகள் சுத்தமாக இருந்தன.

"எது கனகாலம் இருக்கும், அண்ணை?"

"ரெண்டும் கனகாலம் இராது, தங்கச்சி. எது பிந்திச் சாகும் எண்டுதான் பாக்கலாம்."

அவள் ஊத்தைப் பற்றரியை எடுத்தாள். அது நன்றாகவே உழைத்தது. இந்தக் கதையில் என்னால் தாங்கமுடியாதது அதுதான்.

5

யுத்தம் முடிந்த அடுத்த வருடம் கந்தப்பு செய்தி கொண்டுவந்தார். மலாயாவிலிருந்து கப்பலில் வந்த ஊர்ச் சனம் கொழும்பு மெயில் றெயிலில் மறுநாள் காலையில் வந்து இறங்குகிறதாம்.

மகாதேவி தானே ஸ்ராட் பண்ணினாள். ஒரே அமுக்கில் பிடித்தது. பிறகு அவள் பின் ஆசனத்துக்கு மாற, கந்தப்பு ஓட்டினார்.

ஸ்ரேசனில் ஆட்கள் கட்டிப்பிடித்து அழுதுகொண்டிருந்தார்கள். எல்லாரும் இறங்கி முடிந்த பிறகு, தில்லைநாதனை அவள் அடையாளம் கண்டாள். கணவர் அனுப்பிய படத்தில் பார்த்த முகம்; அவரோடு ஒரே கந்தோரில் வேலை செய்தவர். எலும்பும் தோலுமாக இருந்தார்.

"அவர் அடுத்த கப்பலிலையோ?"

தில்லைநாதன் அவளைப் பார்க்காமல் கந்தப்புவைப் பார்த்தார். "இவ ஆர்?"

"ஆழ்வாப்பிள்ளையின்ரை பெண்சாதி."

அவர் கையிலிருந்த பையை நிலத்தில் வைத்தார்.

"மலாயாவுக்கு வடக்கை, சீயத்திலை, றெயில் பாதை போட யப்பான்காரர் எங்களைக் கொண்டு போனவங்கள், தங்கச்சி. காட்டுக்குள்ளை கொலரா. நாப்பத்திமூண்டாம் ஆண்டு மழைக்காலம். நான்தான் பக்கத்திலை இருந்தனான்."

"ஏதும் சொன்னவரோ?"

"கதைக்கிற நிலையிலை இல்லை."

(காரைப் பற்றி ஆழ்வாப்பிள்ளை ஏதோ கேட்டதாக ஒரு வசனம் எழுதினேன். அழித்துவிட்டேன். கொலரா கண்டவர் காரைக் கேட்கமாட்டார்.)

கராச்சில் அவள் இரண்டு பற்றரிகளுக்கு முன்னால் நின்றபோது அவர் இறந்து ஒரு வருடம் கடந்திருந்தது. கந்தப்பு அதைக் கணக்குப் பார்த்தது காருக்கு நடந்துவரும்போது. அவளும் பார்த்திருப்பாள்.

6

பின் ஆசனத்தில் ஏறி இருந்தாள். அழவில்லை. கந்தப்பு அமுக்கினார். கார் பிடித்தது.

"எங்கை கொண்டுபோய் விட, தங்கச்சி?"



இதற்கு மேல் மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன். முதலாவதில் வீட்டுக்குப் போகிறாள். கொட்டகையில் பற்றரியின் கம்பிகளைத் தன் கையாலேயே கழற்றுகிறாள். அந்தக் கைக்கு அவ்வளவு பலம் இருந்திருக்குமா தெரியவில்லை. இரண்டாவதில் கீரிமலைக்கு விடச் சொல்கிறாள். கேணியில் முழுகி, செத்தவருக்குச் செய்யவேண்டியதைச் செய்விக்கிறாள். அப்படிச் செய்தால் அவர் செத்துவிட்டார் என்று ஆகிவிடும். மூன்றாவதில், "காட்டுக்குள்ளை ஆள் மாறிப் பாத்திருப்பார். நாளைக்கும் மெயில் வரும்தானே" என்கிறாள். இதை எழுதிய தாளைக் கிழித்துப் போட்டேன்.

கந்தப்பு அந்தக் கேள்வியோடு கதையை நிறுத்திக்கொண்டார். நானும் மேலே கேட்கவில்லை.

ஸ்ரேசன் வாசலில் என்ஜின் ஓடிக்கொண்டிருக்கிறது. வந்தவர்களெல்லாம் போய்விட்டார்கள். முன் ஆசனத்தில் இருக்கும் மனிதர் திரும்பிப் பார்க்கிறார். அவள் சொல்லமாட்டாள். என்னாலும் முடியவில்லை. நீங்கள் சொல்லுங்கள்.

"எங்கை விட?"