நாலு கோடு உள்ள ஈ

குன்றுக்கடியில் குடிநீர்க் குழாய்க்காகத் தோண்டிய சுரங்கம் இடிந்து உள்ளே மாட்டிக்கொண்ட ஐந்து பேரும் ஆறு வருஷம் உயிரோடு இருந்தார்கள். அதை ஊருக்குச் சொன்னது, பாறை விரிசல் வழியாகத் தினம் காலை எட்டு மணிக்கு வெளியே வந்த ஒரு ஈ.

முதல் ஈ வந்தது ஐந்தாம் நாள். நகத்தைக்கூட நுழைக்க முடியாத விரிசல் அது. கம்பெனி என்ஜினியர் அதைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றிவிட்டார். ஈ வந்தால் உள்ளே பிணம் என்று அர்த்தம், இனித் தோண்டிப் பயனில்லை, இயந்திரங்களைத் திருப்பி அனுப்புங்கள் என்றார். அப்போது கூட்டத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தாள், பாறைக்கு வெடி வைக்கப் போய் உள்ளே மாட்டிக்கொண்ட வெடிகாரரின் மனைவி. சுகாதார ஆய்வுக்கூடத்தில் ஈ, கொசுக்களை லென்ஸில் பார்த்து இனம் பிரித்து எழுதுவது அவள் வேலை. மாத்திரை பாட்டிலைக் கவிழ்த்து ஈயைப் பிடித்தாள். லென்ஸை வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"பிணத்துக்கு முதல்ல வர்ற ஈ பச்சையா, நீலமா மினுங்கும் சார். இது மங்கின சாம்பல் நிறம். முதுகுல பாருங்க, நீளவாக்குல நாலு கறுப்புக் கோடு. இறக்கையில நாலாவது நரம்பு முனையில சட்டுனு மடங்குது. இது வீட்டு ஈ. ஆள் சாப்பிட்டுப் புழங்குற இடத்துல இருக்கிறது."

"ஒரு ஈயை நம்பி மலையைத் தோண்டச் சொல்றியாம்மா?"

"என் வீட்டுக்காரர் உள்ள சாப்பிட்டுக்கிட்டு இருக்கார் சார். தோண்டுங்க."

கம்பெனி ஏழாம் நாள் மூட்டை கட்டியது. குடும்பத்தார் கடப்பாறை எடுத்தார்கள். ஒரு முழம் தோண்டினால் முக்கால் முழம் சரிந்து மூடியது. சிலர் வருஷக் கணக்கில் வந்தார்கள், சிலர் வருவதை நிறுத்தினார்கள். உள்ளே இருந்த கொத்தனார் சகோதரர்களின் அம்மா மட்டும் ஒரு நாளும் தவறவில்லை. காலையில் வந்து ஒரே கேள்விதான் கேட்பாள்: "எத்தனை கோடு?" "நாலு, பெரியம்மா." உடனே மண் கூடையைத் தூக்கிக்கொள்வாள். ஆய்வுக்கூட அலமாரியில் இரண்டாயிரம் ஈக்கள் ஊசி குத்தி வரிசையாக நின்றன. ஈ வரப் பத்து நிமிஷம் தாமதமான நாட்களில் வெடிகாரரின் மனைவி விரிசலில் காதை வைத்துக்கொண்டு நின்றாள்.

ஆறாம் வருஷம், மழை மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, வந்த ஈ பெரியதாக இருந்தது. கண் சிவப்பு. வயிற்றில் சதுரங்கப் பலகை மாதிரிக் கட்டம். முதுகில் மூன்றே கோடு. செத்த உடம்பில் புழு விடும் இறைச்சி ஈ. நாலு தரம் எண்ணினாள். சொன்னால் இருக்கிற நாலைந்து பேரும் கடப்பாறையைப் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். அன்று முதல் முறையாகப் பொய் சொன்னாள். மறுநாளும் மூன்று கோடு வந்தது. இன்னொரு பொய்க்கு வாய் வரவில்லை.

"மூணு, பெரியம்மா."

கிழவி அப்படியே மண்ணில் உட்கார்ந்தாள்.

"யாருன்னு அதுல தெரியுமா?"

"தெரியாது. ஒருத்தரா, எல்லாருமான்னுகூடத் தெரியாது."

"அப்ப மிச்சம் பேர் இருக்கலாம். வாடி, கடப்பாறையை எடு."

அழுதுகொண்டே தோண்டினார்கள். மூன்றாம் நாள் மதியம் பாறை உடைந்து வழிவிட்டது. நாலு பேர் கண்ணைப் பொத்திக்கொண்டு வெளியே வந்தார்கள். ஐந்தாமவர் மேல் மற்றவர்களின் சட்டைகள் போர்த்தியிருந்தன. அவள் விலக்கிப் பார்த்தாள். வெடிகாரர்தான். தாடி நெஞ்சு வரை நரைத்திருந்தது.

கொத்தனார் சகோதரர்களில் இளையவன் அவள் பக்கத்தில் வந்து நின்றான். "அண்ணி, அண்ணன்தான் தினம் ஒரு ஈயைப் பிடிச்சு விரிசல்ல விடுவார். 'அவ பார்த்துப்பா'ன்னு சொல்வார். அவர் போனப்புறம் எதை விடுறதுன்னு எங்களுக்குத் தெரியல. அவர் மேல உட்கார்ந்ததையே பிடிச்சு விட்டோம்."

"சரியாத்தான் விட்டிருக்கீங்க" என்றாள்.

விபத்தன்று காலை அவள் கட்டிக் கொடுத்த ஒரே சாப்பாட்டு டப்பாவில்தான் ஐந்து பேரும் ஆறு வருஷம் சாப்பிட்டிருந்தார்கள். கிழவி மூடியைத் திறந்தாள். பாதிக்கு மேல் இருந்தது, சூடு ஆறவில்லை. நாலு பேரையும் நிழலில் உட்கார வைத்துப் பரிமாறினாள். கடைசியில் ஒரு பிடி அள்ளி வெடிகாரரின் மனைவி வாயருகே கொண்டுபோனாள். அவள் கணவரின் காலடியில் உட்கார்ந்தபடியே வாங்கிச் சாப்பிட்டாள். உப்பு கொஞ்சம் தூக்கலாக இருந்தது.