மூடி போட்ட முட்டை

பத்தொன்பது வருஷமாக அடுத்தவர் சளியைப் பார்த்துச் சம்பளம் வாங்குகிறேன். பரிசோதனைக் கூடத்தில் எனக்குக் கழுகுக்கண் என்று பட்டப்பெயர். அந்தப் பெயரால் எனக்குத் தலைக்கனம் ஏறியிருந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அத்தான், அதாவது என் அக்கா வீட்டுக்காரர், பாலம் கட்டுகிற கொத்தனார். எட்டு மாதத்துக்கு முன் அவருக்கு இருமலோடு துரு நிறத்தில் சளி வந்தது. டப்பாவை என்னிடம்தான் கொடுத்தார். சிவப்புச் சாயம் போட்டுப் பார்த்தேன், டி.பி. கிருமி இல்லை. ஆனாலும் எக்ஸ்ரேயில் நிழல் தெரிந்ததால் டாக்டர் டி.பி. மாத்திரையை ஆரம்பித்து, இரண்டு வாரம் ஒதுங்கியிருக்கச் சொன்னார். இருமல் நிற்கவில்லை. மீதிச் சட்டத்தை நான் போட்டேன்: தனி அறை, தனித் தட்டு, நாலு மாதக் குழந்தையைத் தொடவே கூடாது.

"இவ படிச்சவ, சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றாள் அக்கா. அவரும் மறுபேச்சு பேசவில்லை. பெற்ற மகளை மாதக்கணக்கில் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

புதிதாக வந்த டாக்டர்தான் அவரிடம் கேட்டார், "ஓடை நண்டு சாப்பிடுவீங்களா?"

"பாலத்து வேலையில மத்தியானம் பிடிச்சு, நெருப்புல லேசா வாட்டித் தின்னுவோம் டாக்டர். முழுசா வேகுற வரைக்கும் யாருக்குப் பொறுமை இருக்கு?"

டாக்டர், கூடப் போயிருந்த என் பக்கம் திரும்பினார். "சளியில சாயம் போடாம ஒருதடவ பாருங்க. சாயத்துல முட்டை சிதைஞ்சுடும்."

பார்த்தேன். பழுப்பும் பொன்னுமாக முட்டைகள், ஒரு முனையில் மூடி போட்டதுபோல் ஒரு கோடு. நுரையீரல் புழு. வேகாத நண்டிலிருந்து வருவது. ஆளிடமிருந்து ஆளுக்கு ஒட்டாது.

அந்த முட்டையை எனக்கு முன்பே தெரியும். முதல் நாள், சாயம் போடுவதற்கு முன் போகிற போக்கில் ஒரு பார்வை பார்த்தபோது இதே உருவம் கண்ணில் பட்டது. ஏதோ மகரந்தத் தூள், வெளியில் வேலை செய்கிறவர்தானே என்று நினைத்துத் துடைத்துப் போட்டேன். நாற்பது டப்பா வரிசையில் காத்திருந்தது உண்மைதான். ஆனால் பக்கத்து மேஜையில் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கழுகுக்கண் போய் இன்னொருவரிடம் சந்தேகம் கேட்பதா?

மூன்றே நாள் மாத்திரை. அடுத்த மாதம் அக்கா வீட்டுக்குப் போனபோது இருமல் அடங்கியிருந்தது. அக்கா பக்கத்து வீட்டம்மாவிடம், "என் தங்கச்சிதான் கண்டுபிடிச்சா" என்று பெருமை அடித்துக்கொண்டிருந்தாள். அத்தான் என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். வாயை மூடிக்கொண்டு அந்தக் கும்பிடை வாங்கிக்கொள்ளலாம் என்றுகூட ஒரு நிமிஷம் நினைத்தேன். வெட்கமாக இருக்கிறது, ஆனால் நினைத்தேன்.

பக்கத்து வீட்டம்மா போன பிறகு சொன்னேன். "நான் கண்டுபிடிக்கல அத்தான். முதல் நாளே கண்ணுல பட்டுச்சு. தூசுன்னு துடச்சுட்டேன்."

அவர் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் பிழைத்திருப்பேன்.

"இது யாருக்கும் ஒட்டாதுன்னு டாக்டர் சொன்னாரே. அன்னைக்கும் ஒட்டாதுதானே?"

"ஒட்டாது அத்தான்."

"அப்போ புள்ளைய நான் தூக்கியிருக்கலாம்" என்றார்.

பிறகு தரையில் குந்தி இரண்டு கையையும் நீட்டினார். இன்னும் அவரிடம் பழகாத ஒரு வயதுக் குழந்தை அவரை ஏற இறங்கப் பார்த்தது. மிரண்டுபோய், தத்தித் தத்தி ஓடிவந்து என் காலைக் கட்டிக்கொண்டது.