இருளாண்டியின் முந்நூறாவது இதழ்

மலர்வளையத்தைச் சவப்பெட்டியின் கால்மாட்டில் சாத்திவிட்டு, போடி ஏலக்காய் வியாபாரி மொக்கைச்சாமி தன் கழுத்தைத் தடவிக்கொண்டார். பதினோரு வருஷத்துக்கு முன்னால் அந்தக் கழுத்தைத்தான், இப்போது பெட்டிக்குள் கிடக்கும் ஏசுதாசன், ஒரே வீச்சில் துண்டாக்கி முழுப் பக்கத்துக்கு உருளவிட்டிருந்தார்.

“ஆத்தா பிரின்சி, அந்தப் புஸ்தகத்த இன்னும் கடையில மாட்டி வச்சிருக்கேன். கழுத்து மச்சத்தக்கூட விடல ஒங்கப்பா.”

“ஒனக்கு ஒரே வெட்டு, சொகமாப் போயிட்ட,” என்றார் பக்கத்தில் நின்ற கம்பத்துத் திராட்சைக்காரர் சங்கரலிங்கம். “என்னையக் கொக்கியில மாட்டி மூணு பக்கத்துக்கு உரிச்சாக.”

“மூணு பக்கம்னா சும்மாவாய்யா? எனக்கு ஒண்ணுதான குடுத்தாக.”

பிரின்சி துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாள் என்று நினைத்துப் பாட்டுக்குழுப் பெண்கள் அடுத்த பாட்டை ஆரம்பித்தார்கள்.

இருபத்தைந்து வருஷமாகத் தேனியிலிருந்து மாதம் தவறாமல் வந்த படக்கதை ‘இருளாண்டி’. மின்கம்பி அறுந்து மேலே விழுந்தும் சாகாதவன் இருளாண்டி. பொழுது இறங்கினால் நூறு ஆள் பலம், பொழுது விடிந்தால் வெறும் ஆள். கருப்புக் கம்பளி, முகமூடி, அரிவாள். கலப்படக்காரனோ கந்துவட்டிக்காரனோ, சிக்கினால் கொத்துக்கறி. பின்னட்டை விளம்பரத்துக்குப் பிகு பண்ணுகிற வியாபாரியின் முகத்தை ஏசுதாசன் அடுத்த மாத வில்லனுக்கு வைத்துவிடுவார். முதலில் சட்டையைப் பிடிக்க வந்தார்கள். வெட்டுப்பட்டவன் கடையில் கூட்டம் ஏறியதைப் பார்த்ததும், தங்களையும் வெட்டச் சொல்லிச் சிபாரிசோடு வந்தார்கள். ரத்தத்துக்குச் சிவப்புத் தீட்டுவது பத்து வயதிலிருந்து பிரின்சியின் வேலை. இருபத்திரண்டு வயதில், எங்கே வெட்டினால் எவ்வளவு தூரம் பீய்ச்சும் என்பது அவளுக்கு அத்துபடி.

இன்று விடியற்காலையில் ஏசுதாசன் வரைபலகைமேல் கவிழ்ந்து கிடந்தார். மாரடைப்பு. கன்னத்துக்கு அடியில் முந்நூறாவது இதழின் கடைசி எட்டுப் பக்கங்கள் இருந்தன. அவற்றை அவர் யாருக்கும் காட்டியிருக்கவில்லை.

அச்சகக்காரர் சண்முகராஜ் அவளைப் பின்னறைக்குக் கூப்பிட்டார். பங்காளி இல்லையென்றாலும் பங்குதாரர். அப்பாவை அண்ணன் என்றே கூப்பிட்டுப் பழகியவர்.

“அந்த எட்டுப் பக்கமும் அண்ணனோட பெட்டியில போகட்டும் பாப்பா. நாலு மணிக்கு மூடிருவாக.”

“நாளைக்கு அச்சுக்கு என்ன குடுப்பீக, சித்தப்பா?”

“நம்ம இருளாண்டி திருந்திட்டான். அரிவாள ஆத்துல எறிஞ்சுட்டு மரம் நடுறான். இனி வெட்டுக்குத்தே வேணாம். பள்ளிக்கூடம் பூராம் வாங்குவாக.”

“அப்பா வரைஞ்சதும் வெட்டில்லாத கததான். படிச்சீகல்ல?”

சண்முகராஜ் காலையிலேயே படித்திருந்தார்.

அந்தப் பக்கங்களில் இருளாண்டி விடிகாலையில் வீடு திரும்புகிறான். குழாயடியில் அரிவாளைக் கழுவுகிறான். இருபத்தைந்து வருஷமாகக் கழற்றாத முகமூடியைக் கழற்றுகிறான். உள்ளே ஏசுதாசனின் முகம். சோறு ஆகவில்லை என்கிறாள் பெண்டாட்டி. தலைமுடியைப் பிடித்துச் சுவரில் மோதுகிறான். அவள் கதவு நிலையைப் பிடித்து எழுகிறாள். அவள் கையை அங்கேயே அழுத்திக்கொண்டு கதவை அறைகிறான், எலும்பு முறிகிறவரைக்கும், அதற்குப் பிறகும். மூன்றாவது தடவை அறைந்ததும் அவள் கத்துவதை நிறுத்திவிடுகிறாள். ஒவ்வொரு அடிக்கும் ‘சதக்’, ‘மடார்’ என்று கொட்டை எழுத்தில் போடுகிற மனுஷன், இந்தப் பக்கங்களில் ஒரு சத்தமும் எழுதவில்லை.

போடிமெட்டில் பஸ் படிக்கட்டிலிருந்து விழுந்து அம்மாவின் கை முறிந்தது என்றுதான் பிரின்சிக்கு அதுவரை தெரியும்.

“செத்த மனுசன் பேரு நாறிப்போகும்,” என்றார் சண்முகராஜ். “இப்பிடி வரைஞ்சது மதினிக்குத் தெரிஞ்சா தாங்க மாட்டாக.”

“இத வரையத்தான் அவரு ராத்திரி பகலா உக்காந்தாரு. இத மாத்துனா அவருன்னு ஒரு ஆளே இல்ல.”

“பெட்டிக்குள்ள வச்சாத்தான் அவருக்கு மரியாத.”

அவர் பக்கங்களைப் பிடித்து இழுத்தார். அவள் விடவில்லை. இழுத்த இழுப்பில் மேசை நகர்ந்து மைப்புட்டி தரையில் விழுந்து உடைந்தது.

பிரின்சியின் அம்மா ஜெபராணி வாசலில் நின்றாள். வெள்ளைச் சேலை, கண் வீங்கியிருந்தது.

“என்னது அது?”

“ஒண்ணுமில்ல மதினி. பழைய பேப்பரு.”

“பழைய பேப்பருக்கா பொணத்த வச்சிக்கிட்டு மல்லுக்கட்டுறீக? குடுங்க.”

தடுக்கப் போன சண்முகராஜின் கை பாதியில் நின்றது. ஜெபராணி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, அரிசியில் கல் பார்க்கிற மாதிரி, ஒவ்வொரு கட்டமாகப் பார்த்தாள். நாலாவது பக்கத்தில் நின்றாள். முன்னறையில் பாட்டு முடிந்து போதகர் ஜெபத்துக்குத் தொண்டையைச் செருமினார்.

“நெலை சரி. கம்பத்து வீட்டு நெலை,” என்றாள். “கைதான் தப்பு. சோத்துக் கைய வரைஞ்சிருக்காக. ஒடைச்சது எடது கை.”

பிரின்சி அம்மாவின் இடது கையைப் பார்த்தாள்.

“ஊருல உள்ளவன் கழுத்து மச்சமெல்லாம் தப்பாம வரும் அந்த மனுசனுக்கு. எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருந்தா சொல்லிருப்பேன்.” மூக்கைச் சிந்தினாள். “கேக்கவேயில்ல.”

“மதினி, ஊரு சிரிக்கும். பெட்டியில வச்சிருவோம்.”

“தப்பு தப்பா இருக்குறத அவுக தலைமாட்டுல எதுக்கு வைக்கணும்? நீங்க போயி வந்தவுகளுக்குக் காப்பி குடுங்க தம்பி.” மகள் பக்கம் திரும்பினாள். “நாலு மணிக்குள்ள மாத்திருவியா?”

“மூணு கட்டந்தாம்மா. மாத்திரலாம்.”

சண்முகராஜ் சட்டையில் பட்ட மையைத் துடைத்தபடி வெளியே போனார். பிரின்சி அந்தக் கட்டங்களின்மேல் வெள்ளைத்தாள் வெட்டி ஒட்டினாள், பென்சிலைச் சீவினாள், புதிய கை வரைய உட்கார்ந்தாள். கோடு வரவில்லை. ஆயிரம் கையை வெட்டிப் பார்த்த கண்ணுக்கு, ஒரு கை எப்படி முறிந்து வளையும் என்று தெரியவில்லை.

ஜெபராணி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கைக்கடிகாரத்தைக் கழற்றிவிட்டு, இடது கையைத் தூக்கிப் பலகைமேல் வைத்தாள். முன்னறையில் யாரோ, முகம் பார்க்கிறவர்கள் வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று குரல் கொடுத்தார்கள்.

“கொஞ்சம் திருப்பும்மா.”

அது திரும்புகிற மட்டுக்கும் ஜெபராணி திருப்பினாள்.