ஒரு ஆளுக்கான சமையல் சாமான்

ராயப்பன் சுரங்க வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டியிருந்தது. மந்தாரக்குப்பத்தில் ஒரு பின்கட்டு வீட்டைப் பேசி முடித்துவிட்டு வந்து சொன்னபோதுதான், தான் அங்கே வரப்போவதில்லை என்றாள் அவர் மனைவி அன்னமேரி. துணி மடித்துக்கொண்டிருந்தாள். மடிப்பதை நிறுத்தவில்லை.

"ஓசூருக்கு ஆனி வூட்டுக்குப் போறேன். பிரசவம் வரைக்கும் மட்டுமில்ல. அங்கியே இருந்துக்கறேன்."

"அப்ப நான்?"

"நீங்கதான் வூடு பாத்துட்டீங்களே."

அவர் கத்துவார் என்று அவள் காத்திருந்தாள். அவர் கத்தவில்லை. வாசலில் போய் நின்றார். ‘தானே’ புயலில் மரங்கள் விழுந்ததிலிருந்து அந்த பிளாக் முழுக்க வெயில்தான். நிற்க நிழல் இல்லாமல் கொஞ்ச நேரத்தில் உள்ளே வந்துவிட்டார்.

ராயப்பன் குடிக்க மாட்டார். மனைவியைக் கை நீட்டி அடித்ததில்லை என்று மற்றவர்களிடம் சொல்லிக்கொள்வார். அது உண்மைதான். ஆனால் சோற்றில் கல் கிடந்தால் தட்டு சுவருக்குப் போகும். குழம்பில் உப்புக் கூடினால் சட்டி முற்றத்துக்குப் போகும். ஷிப்டில் யாராவது அவரை ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், அன்றைக்கு எதுவும் குறையில்லாமலே டம்ளர் பறக்கும். அன்னமேரி குள்ளஞ்சாவடியிலிருந்து கல்யாணச் சீராகக் கொண்டுவந்த பாத்திரங்களில் நசுங்காதது ஒன்றுகூட இல்லை. மகள் ஆனி எட்டாவது படிக்கும்போது ஒரு நாள் ரசச் சட்டியை எறிந்தார். அந்த நேரம் பார்த்து சமையலறையிலிருந்து வெளியே வந்த பிள்ளையின் கை முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை வெந்துபோயிற்று. கைதவறிக் கொட்டிவிட்டதாக ஆஸ்பத்திரியில் சொன்னார். பிள்ளையும் அப்படியே சொன்னாள். அதற்குப் பிறகு அவள் அவரிடம் தேவைக்கு மேல் ஒரு சொல் பேசியதில்லை.

இப்போது அன்னமேரி அந்த நசுங்கிய பாத்திரங்களையெல்லாம் தன்னோடு கொண்டுபோகச் சாக்கில் கட்டினாள். புது வீட்டுக்கு ஒரு கரண்டிகூட மிஞ்சாது என்பது ராயப்பனுக்கு அப்போதுதான் உறைத்தது. இத்தனை வயதுக்கு அவர் ஒரு முறைகூடச் சமையலுக்கென்று எதையும் வாங்கியதில்லை.

"எனக்கு என்னா வாங்கறதுன்னு தெரியாது. நீயே வந்து எடுத்துக்குடு" என்றார்.

அவள் யோசித்துவிட்டுச் சொன்னாள். "வரேன். பட்டினி போட்டுட்டுப் போனாள்னு எனக்குப் பேர் வேணாம்."

பண்ருட்டிக்குப் பஸ்ஸில் போனார்கள். ஒன்றாகக் கிளம்பியதே ராயப்பனுக்கு ஒரு நம்பிக்கையைக் கொடுத்தது. கடைத்தெருவில் நடக்கும்போது அவள் மனசு மாறிவிடும், பழையபடி ஆகிவிடும் என்று நினைத்துக்கொண்டே வந்தார்.

ராமலிங்கத்தின் பாத்திரக்கடையில் தரையிலிருந்து உத்தரம் வரை எவர்சில்வர் அடுக்கியிருந்தது. ராமலிங்கம் ஸ்டூலை இழுத்துப் போட்டார். "உட்காருங்க சார். பொண்ணுக்குத் தனிக்குடித்தனமா?"

ராயப்பன் "ஆமா" என்று ஆரம்பித்தார்.

"இல்லிங்க. இவருக்குத்தான். ஒரு ஆளுக்கு" என்றாள் அன்னமேரி.

கடைக்காரர் இருவரையும் ஒரு தடவை பார்த்துவிட்டு, அதற்கப்புறம் சாமானைப் பற்றி மட்டுமே பேசினார்.

ராயப்பன் அஞ்சு லிட்டர் குக்கரை எடுத்தார். அன்னமேரி அதை வாங்கித் திருப்பி வைத்துவிட்டுச் சின்னதைக் கேட்டாள். மூடியைப் போட்டுத் திருகிப் பார்த்தாள். கைப்பிடி ஆடுகிறதா என்று பிடித்து அசைத்தாள். குழம்புக்கு அடி கனமான சட்டியாகப் பார்த்தாள். பளபளவென்று ஒன்றைக் காட்டியபோது அதன் விளிம்பை விரலால் அமுக்கினாள், அது உள்ளே வாங்கியது. வேண்டாம் என்றாள்.

"அலுமினியம் மலிவா இருக்குமே" என்றார் ராயப்பன்.

"புளி ஊத்தினா கறுத்துடும். ஒரு வருஷத்துக்கு வாங்கறீங்களா, இருக்கறவரைக்கும் வாங்கறீங்களா?"



இரும்பு வாணலியும் தோசைக்கல்லும் வந்தன. தோசைக்கல்லைத் தரையில் வைத்து ஆடுகிறதா என்று பார்த்தாள். "இத அரிசி களைஞ்ச தண்ணியில ஊறப்போட்டு, தேச்சுக் கழுவி, எண்ணெய் தடவி வெய்ங்க. மொத நாலஞ்சு தோச பிஞ்சுதான் வரும். அதுக்குக் கோவப்பட்டு ஆவப்போறது ஒண்ணுமில்ல."

ராயப்பன் வாணலியைத் தூக்கிப் பார்த்தார். "ரொம்ப கனமா இருக்குதே மேரி."

"கனமாத்தான் இருக்கணும். இனிமே எறிஞ்சா நீங்கதான் குனிஞ்சு பொறுக்கணும்."

அவள் அதைச் சத்தமாகச் சொல்லவில்லை. ராமலிங்கம் கரண்டிகளைத் துடைப்பதுபோல் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். ராயப்பனுக்கு முகம் சுட்டது. வீடாக இருந்திருந்தால் கையில் இருந்தது என்ன ஆகியிருக்கும் என்று அவருக்கே தெரிந்தது. வாணலியை மெதுவாகக் கீழே வைத்தார்.

முட்டி தேய்ந்துபோனதில் அவரால் தரையில் உட்கார முடியாது. அதனால் அரிவாள்மனை வேண்டாம், கத்திதான் என்றாள். கடைக்காரர் பிளாஸ்டிக் பிடி போட்ட கத்திகளைப் பரப்பினார். அவள் மரப்பிடி கேட்டாள். இரும்பு பிடிக்குள் கடைசி வரை போயிருக்கிறதா, ஆணி இறுக்கமாக இருக்கிறதா என்று வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வெங்காயத்துக்கு நீளமாக ஒன்று, தோல் சீவச் சின்னதாக ஒன்று. நகத்தில் வைத்துக் கூர் பார்த்தாள்.

"வெட்டும்போது விரல் நுனிய உள்பக்கமா மடக்கி வெச்சுக்கணும். மொண்ணைக் கத்திதான் வழுக்கிக் கையக் கிழிக்கும். அப்பப்ப சாணை புடிச்சுக்கோங்க."

எல்லாவற்றையும் சேர்த்து வைத்தபோது ராமலிங்கம் பேர் வெட்டும் மெஷினை எடுத்தார். "என்ன பேரு போடணும்?"

"ராயப்பன் அன்னமேரி" என்றார் ராயப்பன், சட்டென்று.

"ராயப்பன் மட்டும் போதும்" என்றாள் அவள்.

மெஷின் கிர்ரென்று ஓடியது. அவர் பெயர் ஒவ்வொரு பாத்திரத்திலும் விழுவதை இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

திரும்பும் பஸ்ஸில் மூட்டை அவர் மடியில் இருந்தது. காடாம்புலியூர் தாண்டியதும் கேட்டார். "போவாத மேரி. இனிமே எறிய மாட்டேன்."

"எறிய மாட்டீங்க. வயசாயிடுச்சு" என்றாள் அவள். ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு பேசினாள். "கொஞ்ச நாளாவே நீங்க எறியறதில்ல. ஆனா இன்னமும் தட்டு வெச்சதுலேருந்து நீங்க சாப்புட்டு எழுந்திரிக்கற வரைக்கும் மூச்சப் புடிச்சுக்கினு நிக்கறேன். ஆனி ஒரு வூட்டுக்குப் போவட்டும்னுதான் இத்தினி வருஷம் இருந்தேன். இனிமே முடியாது."

"சர்ச்சு சாமியார் என்னா சொல்லுவாரு?"

"சாமியாருகிட்ட சொல்லிட்டேன். அவரு ஒண்ணும் சொல்லல. செபம் பண்றேன்னாரு."



அந்த வாரமே அவள் போய்விட்டாள். மந்தாரக்குப்பம் வீட்டில் ராயப்பன் அடுப்பைப் பற்றவைத்தார். முதல் நாள் சோறு அடியில் கருகி மேலே அரிசியாக இருந்தது. அதையே தின்றார். தோசை அவள் சொன்னதுபோலப் பிய்ந்தது. ஒரு சாயங்காலம் பருப்பு வேகாமல் போக, குக்கர் மூடியைக் கையில் எடுத்துவிட்டார். எதிரே வெறும் சுவர். கேட்க ஆள் இல்லாத இடத்தில் எறிவதில் என்ன இருக்கிறது என்று தோன்றியது. மூடியை வைத்துவிட்டு, தண்ணீர் ஊற்றி மறுபடி வேகவைத்தார். வெந்து முடிகிறவரை அடுப்புப் பக்கத்திலேயே நின்றார். இவ்வளவு நேரம் ஒருத்தி தினமும் நின்றிருக்கிறாள் என்ற நினைப்பு அப்போதுதான் வந்தது.

மழைக்காலத்தில் ஆனிக்குப் பெண் குழந்தை பிறந்தது. அன்னமேரி ஃபோனில் சொன்னாள். ஞானஸ்நானம் நடந்ததை, முடிந்த பிறகுதான் சொன்னாள். முன்னால் சொல்லி அவரைக் கூப்பிடவில்லை.

பால் கொடுக்கிறவளுக்குப் பூண்டுக் குழம்பு நல்லது, இரண்டு நாள் ஆனாலும் கெடாது என்று வீட்டுக்கார அம்மா செல்லக்கிளி சொன்னார். ராயப்பன் காலையில் பூண்டு உரிக்க உட்கார்ந்தவர் மத்தியானம்தான் எழுந்தார். முதலில் வைத்தது தண்ணியாகப் போனது. இரண்டாவது எண்ணெய் பிரிந்து, நிறமாக வந்தது. ஆறவைத்து ஒரு தூக்குவாளியில் ஊற்றி, மூடியைத் துணியால் கட்டிக்கொண்டு, திருவண்ணாமலை வழியாக ஓசூருக்குப் பஸ் ஏறினார்.

ஆனி குடியிருந்த அடுக்குமாடிக் கட்டடத்தின் வாசலுக்கு அன்னமேரி மாடியிலிருந்து இறங்கி வந்தாள். கொஞ்சம் சதை போட்டிருந்தாள். மேலே வாங்க என்று சொல்லவில்லை. வாட்ச்மேன் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றபடியே தூக்குவாளித் துணியை அவிழ்த்து, குழம்பை விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள்.

"நீங்களா வெச்சீங்க?"

"ம்."

"நல்லாத்தான் இருக்குது."

அவர் மாடியை அண்ணாந்து பார்த்தார். "கொழந்த?"

"தூங்குது. செத்த இருங்க." தூக்குவாளியை எடுத்துக்கொண்டு மேலே போனாள். திரும்பி வரும்போது அது கழுவித் துடைத்துக் காலியாக இருந்தது. அவர் கையில் கொடுத்தாள். "இத வாங்கறதுக்குன்னு நீங்க இன்னொரு தபா வர வேணாம் பாருங்க. அதான் மாத்தி ஊத்திட்டேன்."

"ஆனி சாப்புடுவாளா?"

"நான் வெச்சதுன்னு சொல்லிக் குடுக்கறேன். அப்பத்தான் சாப்புடுவா."

"சரி. அப்பிடியே சொல்லு" என்றார் ராயப்பன். "சூடா இருக்கற சோத்துல ஊத்திக் குடு."

அவள் தலையாட்டிவிட்டுப் படியேறினாள். அவர் வாட்ச்மேனிடம் பஸ் ஸ்டாண்டுக்கு எந்தப் பக்கம் போக வேண்டும் என்று விசாரித்துக்கொண்டு நடந்தார்.